காடு பத்தின காணி

காட்டுக் கந்தோர் உத்தியோகத்தில் மரங்களால் எனக்கு இதுவரை ஒரு தொல்லையும் வந்ததில்லை, தொல்லையெல்லாம் படிவங்களால்தான். அரச படிவத்தோடு மாரடிக்கும் என் இனத்தவரே, உங்களுக்குத் தெரியாததா? கிளிநொச்சிக்கு மேற்கே, ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் படுத்திருக்கும் காடு என் பொறுப்பு. பாலையும் முதிரையும் வீரையும் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் வேரை நுழைத்து, ஒரு அவசரமும் இல்லாமல் வளரும். போன கோடையில், அந்தக் காட்டோரத்தில் இருந்த இரண்டு ஏக்கர் காணியை ஒரு மனுசியிடமிருந்து நான் ஏறக்குறையப் பறித்தே விட்டேன். அதுவும் ஒரே ஒரு சொல்லால்.

சின்னக் கட்டம்

யோகமக்காவின் தகப்பன் வெட்டித் திருத்திய காணி அது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, காணி உறுதிப் பத்திரத்தையும் வழியில் தொலைத்து, ஊர் ஊராக அலைந்து முடிந்தபின் யோகமக்கா அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க எங்கள் கந்தோருக்கு வந்தார். எழுதியது நான். "காணி இப்ப எப்பிடிக் கிடக்கு அக்கா?" என்று கேட்டேன். "காடு பத்திக் கிடக்கு பிள்ளை" என்றார். ஆளில்லாத காணியில் பற்றையும் புதரும் எழும்பினால் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். 'காணியின் தற்போதைய நிலை' என்ற கட்டமோ தீப்பெட்டி அளவு. நான் சுருக்கமாக 'காடு' என்று எழுதிவிட்டேன்.

மேலிடம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. நாலு மாதம் கழித்து, அது வன நிலம், யாருக்கும் கொடுக்க முடியாது என்று கடிதம் போனது. யோகமக்கா அந்தக் கடிதத்தை என் மேசையில் விரித்து வைத்தார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது. "நான் காடு பத்திக் கிடக்கெண்டனான் பிள்ளை, காடெண்டு சொல்லேல்லை" என்றார்.

விறகு

அன்றைக்கே திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் உழவு மெசினில் இழுவைப் பெட்டியைப் பூட்டியபடி ஒருவர் வாசலில் வந்து நின்றார். காய்ந்த விறகு ஏற்ற அனுமதி வேண்டுமாம். நல்ல மனிதர், மாதிரிக்கு விறகையும் கொண்டே வந்திருந்தார். எழுந்து போய்ப் பார்த்தேன். எட்டடி நீளம், நூல் பிடித்த மாதிரி நேர், உள்ளே மஞ்சள் பட்டுப்போல முதிரை வைரம். "அண்ணை, இது கதவுநிலைக்கு அறுத்த மரமெல்லோ?" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"விறகுதான் தங்கச்சி. முதலில கொஞ்சக் காலம் நிலையாய் நிக்கும், பேரப்பிள்ளையள் காலத்தில எரிப்பம்."

ஏழாவது கல்

என் திருத்தக் கடிதத்துக்குப் பதில் வருமுன், அக்காவின் காணியையும் உள்ளே சேர்த்து வன நிலத்துக்கு எல்லை போடச் சொல்லிக் கற்கள் வந்துவிட்டன. கட்டளை கட்டளைதானே. என்னோடு வெளிக்கள வேலை செய்யும் சிவம் அண்ணையும் நானும் நடப் போனோம். சுண்ணாம்புக்கல்லில் இரும்பு அலவாங்கைக் குத்தினால் அது திரும்பி எங்கள் நெற்றிக்கு வரப் பார்க்கிறது. ஒரு கல்லுக்கு ஒரு காலைப்பொழுது போனது. "கல்லுக்குள்ள கல்லு நடுற உத்தியோகம் வேற எங்கயும் இருக்கோ?" என்று அவர் ஆறு கல்லுக்கும் ஆறு தரம் கேட்டார்.

ஏழாவது கல் யோகமக்காவின் காணிக்குள் வந்தது. அலவாங்கு ஒரே குத்தில் முழங்கையளவு இறங்கியது. அண்ணை அதைத் திரும்ப இழுக்காமல் சுற்றிப் பார்த்தார். நாயுண்ணிப் பற்றை, இப்பில் இப்பில் கன்றுகள், நடுநடுவே விளாத்தி மரம், எல்லாம் ஆள் விட்டுப்போன நிலத்தில் எழும்புகிறவை. பெரிய வீரை ஒன்றுகூட இல்லை. ஓரமாக, யாரோ பொறுக்கிக் குவித்த சுண்ணாம்புக்கல் கும்பி ஒன்று கிடந்தது.

"இஞ்ச ஆரோ எங்களுக்கு முதலே முதுகு முறிஞ்சிருக்கினம்" என்றார்.

பாலைப்பழம்

அந்தக் கும்பியைப் படமெடுத்து அனுப்பியதும், தானே வந்து பார்ப்பதாக வவுனியாவிலிருந்து எங்கள் மேலதிகாரியான பெரியவர் பதில் போட்டார். நேர்மையான மனிதர், ஆனால் சிரிப்பை மட்டும் லீவில் அனுப்பி வைத்தவர். அவர் பார்வைதான் முடிவு. அன்றைக்கு ஜீப்பில் நானும் யோகமக்காவும் பின்னால் இருந்தோம். அக்கா வழி முழுக்கத் தன் பையின் காதை முறுக்கிக்கொண்டே வந்தார்.

பாதி வழியில், பாலை மரத்துக்குக் கீழே வாளியோடு ஒருவர். பழம் பொறுக்கலாம், கொப்பு வெட்டக்கூடாது என்பது சட்டம். அவர் காலடியில் பழத்தோடு ஒரு முழுக் கொப்பு கிடந்தது, இடுப்பில் கத்தி இருந்தது, வாயில் பாலைப்பழப் பால் ஒட்டி உதடு பிரியாமல் இருந்தது. பெரியவர் ஜீப்பை நிற்பாட்டச் சொன்னார். மனிதர் கோபத்தோடு காணிக்கு வந்தால் அக்காவின் கதி என்ன?

வாளிக்காரர் உதட்டைப் பிரித்தெடுத்துச் சொன்னார்: "நான் பழத்தைத்தான் ஐயா இழுத்தனான். அது கொப்பை விடமாட்டனெண்டு பிடிச்சுக்கொண்டு வந்திட்டுது." ஜீப்பின் முன் கதிரையிலிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பெரியவர் சிரித்ததை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

கிணற்றடி

காணியில் இறங்கியதும் பெரியவர் பழையபடி ஆகிவிட்டார். "உறுதி இல்லை. கற்கும்பி எங்கயும் கிடக்கும். இது காணியெண்டதுக்கு வேற என்ன இருக்கு?" நான் பற்றைகளின் வயதைச் சொல்லத் தொடங்கினேன். யோகமக்கா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு நாயுண்ணிக்குள் நுழைந்தார். கை முழுக்கக் கீறல். "இஞ்ச வாங்கோ" என்ற குரல் மட்டும் வந்தது. போய்ப் பார்த்தால், சுண்ணாம்புக்கல்லைச் சதுரமாக வெட்டி இறக்கிய கிணறு. சுவரில் உளி கொத்திய தடம் வரிவரியாக அப்படியே இருந்தது. அடியில் தண்ணீரும் கிடந்தது. பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த விண்ணப்பக் கோவையை வாங்கி, 'காடு' என்பதைத் தன் பேனையால் வெட்டினார். "காடு தனக்குக் கிணறு வெட்டுறேல்லை" என்றார்.

யோகமக்கா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. பிறகு, செய்த பிழைக்குப் பரிகாரமாக, காணி துப்புரவாக்கும் அனுமதியை அங்கேயே ஜீப்பின் முன்மூடியில் வைத்து எழுதினேன். கிணற்று விளிம்பு வெடிப்பில் ஒரு பாலை, என் கைமொத்தத்தில், நிமிர்ந்து நின்றது. "இதையும் வெட்டச் சேர்த்து எழுதட்டோ அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் எல்லாரும் விட்டிட்டு ஓடின இடத்துக்கு இது ஒண்டுதான் தேடி வந்தது. நிக்கட்டும்."

சம்பளம் வாங்கிக்கொண்டு காட்டைக் காப்பது என் உத்தியோகம். சம்பளம் வாங்காமல் அதைச் செய்கிறவர்களின் படலை வாசலில்தான் நான் பெரும்பாலும் சட்டம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.