கடல்ல விழுந்தவனும் ரெண்டாவது வரியும்

இத எழுதாண்டாம்னுதான் இருந்தேன். ஒரு கேமப் பத்தி எழுதுகதுக்கு இவனுக்கு வேற சோலி இல்லியான்னு ஊர்ல கேப்பிய. துபாய் ரூம்ல வெள்ளிக்கிழமை வேற சோலி இல்லதான். துணி காயும், நாலு நாட்டுக்காரனும் ஒரே டிவிய பாத்துட்டு இரிப்போம். ஆனா ஒரு காரியம் மண்டைக்குள்ள கெடந்து குடையுது.

எனக்க பக்கத்துக் கட்டில்காரன் ஜோமார், பிலிப்பைன்ஸ்காரன், ஏசி மெக்கானிக்கு. அவனுக்க கேம்ல அவன் ஒரு கப்பல் கேப்டன். சாமான் ஏத்திட்டுப் போணும், வழியில வாற ஒவ்வொரு சங்கடத்துக்கும் என்ன செய்யணும்னு நாமளே முடிவெடுக்கணும். கடைசித் துறைமுகத்துக்கு கிட்ட வந்தாச்சு. அப்பதான் வேலையில தகரம் கீறி வலது கையில கட்டு. மறுவாரம் அவன் மொத்தமா நாட்டுக்குப் போறான், கேம் செட்டையும் வித்தாச்சு. அதுக்குள்ள முடிக்கணும். கன்ட்ரோலர எனக்கட்ட தந்தான். எங்க பேச்சு பாதி ஓட்ட இங்கிலீசு, மிச்சம் கை. இப்ப அவனுக்கு கையும் கொறவு.

அப்ப கடல்ல புயலு. கப்பல்ல நின்ன ஒருத்தன் தவறி விழுந்துட்டான். படம் அப்படியே நின்னு, கீழ ரெண்டு வரி வந்துது. பத்தாங்கிளாஸ் தோத்தவன், எழுத்துக்கூட்டி வாசிச்சேன். ஒண்ணு: திரும்பிப் போய் அவனத் தூக்கு, சாமான் போவும். ரெண்டு: நேரா போ.

"டூ, டூ"ன்னான் ஜோமார். நான் ஒண்ண அமுக்கிட்டேன். சாமான் முங்கிச்சு, கேம் தோத்துது. ஆனா மூலையில எனக்கு நல்லவன்னு மார்க்கு வந்துது கேட்டியளா! எங்க பங்குச் சாமியாரு இத்தன வருசத்துல ஒரு மார்க்கு தந்ததில்ல.

எனக்கு இங்கிலீசு ஓடலன்னு நெனச்சு, பச்சப்புள்ளைக்கு சொல்லுக மாதிரி, "ஒன், பேக். டூ, கோ. ஓகே மை பிரெண்ட்?"ன்னான். "ஓகே"ன்னேன். பழைய எடத்துல இருந்து திருப்பிப் போட்டான். விரலு பொறவும் ஒண்ணுக்குத்தான் போச்சு.

"மேன் இன் சீ"ன்னேன்.

"நோ மேன். கேம்!"னு கத்தி, கட்டுப்போட்ட கையாலயே ரெண்ட அமுக்கினான். விழுந்தவன் கையாட்டிட்டே சின்னதாவி மறைஞ்சான். சாயங்காலம் கேம் முடிஞ்சு ஜோமார் கட்டில்மேல ஏறி ஆடினான்.

எனக்கு காய்ச்சல் வந்தப்ப லீவு போட்டு கஞ்சி வச்சு தந்தவன் இவன். நான் எல்லாவனுக்க செருப்பையும் ஒளிச்சு வைக்கவன். கேம்ல நான் நல்லவன், அவன் துஷ்டன். அவனுக்க அப்பாவும் எங்க ஊர்க்காரனுவள மாதிரி மீன்பிடிக்க போறவருதானாம். "நெசமா ஒருத்தன் விழுந்தா?"ன்னு கேட்டேன். "நெசமா விழுந்தா நானும் கடல்ல சாடுவேன்"னான். அதுல பொய் இல்ல.

பொறவு எனக்க விரலு மட்டும் ஏன் ஒண்ணுக்கே போச்சு? நான் கடலுக்குப் போனதே ஒரே ஒரு தடவதான். தேங்காய்ப்பட்டணத்துல இருந்து கெளம்பி, வாந்தியெடுத்து வள்ளத்த நாறடிச்சு, கரையில கொண்டு தள்ளிட்டானுவ. இப்ப சம்பளம் வாங்குக உடம்பு இங்க கெடக்கு, பெருவிரலு மட்டும் எனக்கு தெரியாம அங்கின கடல் தொழிலுக்குப் போவுதுபோல.

அந்த வள்ளத்துல இன்னும் போற எனக்க கூட்டுக்காரன் அஜினுக்கு போன் போட்டு, ரெண்டு வரியையும் வாசிச்சுக் காட்டி, "மக்கா, நீ எத அமுக்குவ?"ன்னு கேட்டேன்.

"ஏலே, ஆளு கடல்ல கெடக்கான், நீ என்னத்தலே வாசிச்சிட்டு நிக்க?"