ராசா பேரா, என் பேரனுக்கு?

‘வெள்ளையனே வெளியேறு’ என்று ஊர் ஊராக முழக்கம் கேட்ட வருஷம் அது. கோம்பையில் எனக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மலை எஸ்டேட்டின் வெள்ளைக்கார டாக்டர் காரில் எங்கள் தெரு வழியாகத் தேவாரம் போனார். என் வீட்டுக்காரர் குறுக்கே போய் நின்று கையோடு கூட்டி வந்துவிட்டார்.

வலி பொறுக்காமல் நான் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை பிழைச்சா உங்க பேரையே வைக்கிறேன் சாமி” என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். பேர் என்னவென்று கேட்டேனா? அதுதான் இல்லை! பிள்ளை வீல் என்று கத்திக்கொண்டு பிறந்த பிறகுதான் தெரிந்தது, டாக்டர் பேர் ஜார்ஜ். ரூபாயில் தலை போட்டிருக்கிற ராஜாவின் அதே பேர்!

என் மாமனாரோ கதரைத் தவிர வேறு உடுத்தாதவர். தலைப்பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பதுதான் எங்கள் வழக்கம். எந்தப் பேரானாலும் தாத்தா குழந்தையின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும்.

“ஊர்வலத்துல அந்த ராசா ஒழிகன்னு கத்திட்டு, வீட்ல வந்து அவன் பேரைச் சொல்லிக் கொஞ்சணுமாக்கும்? மாட்டேன்” என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாக்குத் தவறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவனை மடியை விட்டு இறக்கவேயில்லை.

பேர் வைக்கிற அன்று வாசலில் யாரோ, “டாக்டரு வந்துட்டாக!” என்று கத்தினார்கள். அவர் உட்காரக்கூட இல்லை, மாமனார் கேட்டேவிட்டார்: “உங்க ராசா பேரு எங்களுக்கு எதுக்குங்க?”

டாக்டர் சிரித்தார். எஸ்டேட்டில் பழகிய மலையாளம் கலந்த தமிழில், “ராஜா பேர் அல்ல. ரொம்பப் பழைய கிரேக்கப் பேர். மண்ணுல பணி எடுக்கிற ஆள்னு அர்த்தம். எங்க அப்பாவும் உழுகிற ஆள்தான்” என்றார்.

“மண்ணுல வேலை செய்யுற ஆளா? அப்ப சம்சாரின்னு சொல்லுங்க!” மாமனார் துள்ளி எழுந்தார். எங்கள் பக்கம் விவசாயிக்குச் சம்சாரி என்றுதான் பேர். காலையில் தண்ணீர் பாய்ச்சிய சேறு அவர் காலில் இன்னும் காயவில்லை. “ராசா என்னைக்கு மம்பட்டி பிடிச்சான்? இது நம்ம பேரு. அவன்தான் எடுத்து வச்சுக்கிட்டான்!”

காதில் மெதுவாகவா சொன்னார்? தெருவே கேட்க மூன்று முறை, “ஜார்ஜு! ஜார்ஜு! ஜார்ஜு!” பிள்ளை மிரண்டு அழுதான், நான் சந்தோஷத்தில் அழுதேன்.

மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதென்பது எங்கள் ஊர்க்கட்டு; வழக்கப்படி அவர் பேரையே வைத்திருந்தால் பிள்ளையை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கவே முடியாது. ஒரு பேருக்கு அர்த்தம் தெரிய வந்ததில், பெற்ற பிள்ளையை வாய்நிறையக் கூப்பிடுகிற பாக்கியம் எனக்குக் கிடைத்ததே என்று இன்றும் நினைத்து நினைத்துப் பூரித்துப்போகிறேன்.