நாற்பத்தொன்றாம் எண் கல்

எங்கள் தோட்டத்துத் துரை தினமும் காலையில் ஆலமரத்தடிக் கல்லுக்கு முன்னால் காரை நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கழற்றுகிறார். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். பெரிய கோயில் வாசலிலேயே தொப்பியைத் தொடாமல் போன வெள்ளைக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே ஜொகூரில், தங்காக்கிலிருந்து சில மைல் உள்ளே, லேடாங் மலை தெரிகிற ஒரு ரப்பர் தோட்டத்தில், மஞ்சள் பூசிய கல்லுக்கு ஒரு துரை மரியாதை செய்கிறார். பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். துரைக்குப் பக்தி வந்துவிட்டது என்று முத்தையா கங்காணி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அந்தக் கல்லைக் கொண்டுவந்தவன் நான்.

நான் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை தலையைக் காட்டுவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர். காடு வெட்டிய வருஷம் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மனைவி செண்பகத்தோடு கப்பலேறி வந்தேன். அந்த வருஷக் காய்ச்சல் கூலிகளின் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் புகுந்து வாரிக்கொண்டு போனது. செண்பகத்துக்கு என் கையாலேயே கொயினா கொடுத்தேன். நிற்கவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் மற்றவர்களோடு அவளையும் புதைத்தோம். தலைமாட்டில் ஓர் ஆற்றுக் கல்லை நட்டு, ஆசாரியிடம் உளி வாங்கி, 'செ' என்று ஒற்றை எழுத்தைச் செதுக்கினேன். கல் வேலை தெரியாத கை. அந்த ஓர் எழுத்துக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முழுப் பெயரையும் ஒரு நாள் முடிக்கலாம் என்றிருந்தேன்.

சில வருஷம் கழித்து ரப்பர் ஏற்ற லாரி வந்தது. லாரிக்கு அகலமான ரோடு வேண்டும் என்று துரை மேட்டை வெட்டினார். நான் பத்து பாகாட் என்ற டவுனின் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போயிருந்த இரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது. மேடு ரோடாகிவிட்டது. தலைமாட்டுக் கற்களெல்லாம் ஓடைக்கு மேல் கட்டிய சிறு பாலத்தின் அடியில் சிமெண்டோடு கலந்துவிட்டன. நான் ஆபீசுக்கு ஓடினேன். துரை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அங்கே கல்லறை இருப்பதாகப் பதிவில் இல்லை. கற்குவியல்தான் இருந்தது" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "உங்கள் தஞ்சாவூரிலேயே பார்த்திருக்கிறேன். எழுத்து வெட்டிய பழைய கல்லில் நீங்களே துணி துவைக்கிறீர்கள்" என்றும் சொன்னார். அது உண்மைதான். எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையில் எந்த ராஜாவோ வெட்டிவைத்த கல்வெட்டில்தான் என் அம்மா துணி அடித்துத் துவைப்பாள். அன்றிலிருந்து அந்த மனிதரைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவர் கேட்டதற்கெல்லாம் "யெஸ் சார்" சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அதே காய்ச்சல் அவரையும் படுக்கையில் தள்ளியது. பிழைக்க வேண்டுமானால் சீமைக்குப் போகவேண்டும், வழியில் ஊசி போட ஆள் வேண்டும் என்றார் டாக்டர். என்னையே அனுப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து கப்பல். கடலில் பல நாள் அவருக்கு நினைவே இல்லை. மருந்துப் பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது. எனக்கு அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, பலமுறை வந்தது. ஆனால் செத்துப்போனவரிடம் என்ன பழி வாங்கமுடியும்? அவர் உயிரோடு இருந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். வேளை தவறாமல் ஊசி போட்டு அவரைக் கரை சேர்த்தேன்.

அவருடைய ஊர் ஒரு சந்தை ஊர். பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. தோட்டத்துக்கும் அதே பெயரைத்தான் அவர் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். புதன்கிழமை தோறும் மாட்டுச் சந்தை. சந்தை நடுவில் கல்லாலான ஒரு சிலுவைத் தூண். அதன் படிகளில் யாரும் உட்காரக்கூடாதென்று சங்கிலி கட்டியிருந்தார்கள். மரத் தூண்களின் மேல் நிற்கும் ஒரு பழைய தானியக் கூடம். தூண் ஒன்று உளுத்ததற்கு ஊரே கூடி யோசித்துக்கொண்டிருந்தது. கசாப்புக் கடைக்காரர் கொல்லையில் கிணறு தோண்டும்போது ரோமாபுரிக்காரர் காலத்துத் தரை ஒன்று கிடைத்ததாம். கிணற்றை மூடிவிட்டு, தரைக்குக் கூரை போட்டுப் பூட்டிவைத்திருந்தார்கள். இதையெல்லாம் துரையின் அக்காள் என்னை அழைத்துப்போய்க் காட்டினாள். கல்யாணம் ஆகாத அம்மாள், ஊர்ப் பழம்பொருள் சங்கத்தின் செயலாளர். நல்ல மனுஷி என்று சொல்லத்தான் வேண்டும். குளிருக்கு எனக்குத் தன் அப்பாவின் கோட்டைக் கொடுத்தாள்.

ஊர்க்கோடியில் இடிந்துபோன துறவிமடம் ஒன்று. கூரை கிடையாது, பாதிச் சுவர்தான், உள்ளே புல். அந்தப் புல்லில் காலை வைக்கும் முன் துரை, கைத்தடியை ஊன்றி நிற்கவே தள்ளாடுகிற துரை, தொப்பியைக் கழற்றினார். செண்பகத்தின் மேட்டில் அந்நேரம் லாரி ஓடிக்கொண்டிருக்கும். விழுந்து கிடந்த கற்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, வெள்ளைச் சாயத்தில் எண் போட்டு, எந்தக் கல் எந்தச் சுவரில் இருந்தது என்று அந்த அம்மாள் ஒரு பெரிய நோட்டில் எழுதிவைத்திருந்தாள். நாற்பத்தொன்றாம் எண் கல் இரண்டு செங்கல் அளவுதான் இருக்கும். அதன் முகத்தில் அம்புபோல ஒரு கோடும், குறுக்கே ஒரு கீறலும். "கல்தச்சன் தன் வேலைக்கு இட்ட அடையாளம். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. இதுதான் அவன்" என்று துரை விரலால் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. என்னிடம்தான் சொன்னார். 'செ' என்று எழுதியவனிடம்.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. சுவரோரம் தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்ததாம். பாதிரியாரை வரவழைத்து, ஜெபம் சொல்லி, திரும்பப் புதைத்த இடத்தை அந்த அம்மாள் காட்டினாள். யாருடைய எலும்பு என்று கேட்டேன். "தெரியாது. ஆனால் எங்களவர்" என்றாள். நான் அழுதுவிட்டேன். கிறிஸ்துவின் அருள் என்னைத் தொட்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். மறுநாள் ஒரு பைபிளையும் கொடுத்தாள். அடுத்த புதன்கிழமை, ஊரே மாட்டுச் சந்தையில் இருந்தபோது, நாற்பத்தொன்றை எடுத்துக் கட்டுத்துணியில் சுற்றி மருந்துப் பெட்டியில் வைத்தேன். மேலே பஞ்சு, அதற்கு மேலே பைபிள். துரைக்கு உடம்பு தேறும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, அடுத்த கப்பலில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். வழியில் யாரும் பெட்டியைக் கிளறவில்லை.

தோட்டத்துக்கு வந்ததும் பங்களாவுக்குப் போகும் பாதையில், ஆலமரத்தடியில் கல்லை நட்டேன். வெள்ளை எண் தெரியாதபடி மஞ்சள் பூசினேன். தச்சன் அடையாளத்தை மட்டும் துடைத்து நன்றாகத் தெரியவிட்டேன். சாமி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கற்பூரம் எரிந்திருந்தது. வாரத்துக்குள் தகரக் கூரை வந்துவிட்டது. அம்புக் கோட்டை வேல் என்றார் கங்காணி. சரி, வேலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துத் துரை வந்தார். முதல் நாள் காலையிலேயே கார் ஆலமரத்தடியில் நின்றது. நான் ஆஸ்பத்திரி ஜன்னலில் காத்திருந்தேன். இறங்கினார். குனிந்து பார்த்தார். கை தானாகவே தொப்பிக்குப் போனது. அந்தக் காட்சிக்காக நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஊசி போட்டிருப்பேன். நேராக என்னிடம் வந்தார்.

"அது எப்படி இங்கே வந்தது?"

"பதிவில் இல்லை, சார். கற்குவியலில் கிடந்தது."

"என் அக்காள் மாதக்கணக்காகப் புல்லில் தேடுகிறாள். சங்கத்தார் முன்னால் அவளுக்குத் தலைகுனிவு. உன்னை ஜெயிலுக்கு அனுப்ப என்னால் முடியும்."

"முடியும். முதலில் கல்லை எடுக்க ஆள் வேண்டுமே. கங்காணியைக் கூப்பிடட்டுமா?"

கங்காணி வந்தார். விஷயம் தெரியாத மனிதர், கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "தொர, அது சாமிக் கல்லு. அதுல கைய வெச்சா நாளைக்குப் பெரட்டுக்கு ஒருத்தனும் வரமாட்டான். எங்க வேணும்னாலும் சொல்லுங்க, வேலை செய்றோம். இது மட்டும் வேணாம் தொர." காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு ஒரு நாள் காலியாகப் போனால் கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டியவர் துரை.

கங்காணி போனபிறகு, "உனக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டார். "பாலத்தை உடைத்து என் கல்லைக் கொடுங்கள். உங்கள் கல்லை நானே பெட்டி போட்டு அனுப்புகிறேன்" என்றேன். காரேறிப் போனார். ஒரு மாதம் வீம்பாக இருந்தார். ஆனாலும் தினமும் காலையில் அந்தத் தொப்பி கழன்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லைக் கேட்டு அக்காள் எழுதிய கடிதம் ஒன்றைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்து, இரண்டு ஆட்களை வைத்துப் பாலத்தை உடைத்தார். தானும் கடப்பாரை பிடித்தார். பிற்பகலில் கிடைத்தாள் செண்பகம். கல் இரண்டாகப் பிளந்திருந்தது. எழுத்து இருந்த பாதி மட்டும் என் கைக்கு வந்தது.

வாக்குக் கொடுத்தவன்தானே, பெட்டியும் கையுமாக நாற்பத்தொன்றை எடுக்கப் போனேன். பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியவள் ஒருத்தி அன்று ஐந்து மாதக் கர்ப்பம். "டிரஸ்ஸர் ஐயா, நீங்களே இப்பிடிச் செய்யலாமா?" என்று கேட்டாள். துரை காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை என்று கையை விரித்தேன். வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன். அந்த அம்மாளுக்காகக் கொஞ்சம் நிஜமாகவே வருத்தம்தான். அவள் கொடுத்த கோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. துரைக்காக ஒரு துளியும் இல்லை.

ஊரிலிருந்து அண்ணன் எழுதுகிறார். நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, இன்னொரு கல்யாணம்கூடப் பார்த்துவைத்திருக்கிறாராம். அங்கே நான் யாருக்கும் "யெஸ் சார்" சொல்லவேண்டியதில்லை. போகலாம்தான். ஆனால் செண்பகத்தின் பாதிக் கல்லை அன்று சாயங்காலமே நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் நட்டு, அதற்கும் மஞ்சள் பூசிவிட்டேன். இப்போது துரை தினமும் காரை நிறுத்துகிறார், இறங்குகிறார், தன் ஊர்க் கல்லைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறார். பக்கத்தில் 'செ' இருக்கிறது. அவளுக்கும் சேர்த்துத்தான் கழற்றவேண்டியிருக்கிறது, அது அவருக்கும் தெரியும். நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். அந்தத் தலையில் தொப்பி ஏறி இறங்குகிற வரைக்கும் நான் எந்த ஊருக்கும் கப்பலேறப்போவதில்லை என்று அண்ணனுக்கு எழுதிவிட்டேன்.