கடிகாரக்காரியின் எட்டு வரிசை

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். ஊரில் மற்றவர்கள் சொன்னால் இன்னும் இரண்டு மடங்கு கூட்டிச் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

அவள் என் கொழுந்தனின் மனைவி. அவளுடைய அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அந்தக் கடையில் உட்கார்ந்து, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, எறும்புக்கால் அளவு திருகாணிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். சேறு மிதித்தவள் இல்லை. கடிகாரக்காரி என்று பெயர் வைத்ததே நான்தான். நானோ வயலிலேயே வளர்ந்தவள், பத்தொன்பது வருஷமாக மக்காச்சோளம் போடுகிறவள்.

மாமனார் எங்கள் இரண்டு வீட்டுக்கும் மூன்று மூன்று ஏக்கர் பிரித்துக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு வரப்பு. கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரை மட்டும் தன்னிடமே வைத்திருந்தார். இந்தத் தடவை விதைப்பு முடிந்ததும் இரண்டு மருமகள்களையும் கூப்பிட்டார்.

"எனக்கு முட்டி போயிடுச்சும்மா. இந்தத் தடவை யார் சோளம் நல்லா நிக்குதோ, அவங்க கிணத்தோரத்தை எடுத்துக்கட்டும். நாற்பதாம் நாள் வந்து பார்க்கறேன்."

எப்போதும் தண்ணீருக்குக் குறைவில்லாத மண் அது. மூத்த மருமகள் நான் இருக்கும்போது போட்டி எதற்கு? எனக்கு அங்கேயே சுருக்கென்றது. அவளோ, "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சோளம் முளைத்து இலை விரித்ததும் ஆரம்பித்தது அவள் கூத்து. காலை ஆறு மணிக்கு அதே லென்ஸோடு வயலில் இறங்குவாள். ஐந்து இடம், இடத்துக்கு இருபது செடி. ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பாள். பஞ்சு ஒட்டியது போல முட்டைக்குவியல் இருந்தால் விரலால் நசுக்குவாள். நூறு செடியில் எத்தனை செடி கடிபட்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுவாள். நான் வரப்பில் நின்று, "என்னடி, செடிக்கு மணி பார்க்கறியா?" என்று கேட்டேன்.

"படைப்புழு வந்திருக்கான்னு பார்க்கறேன்கா. இந்தப் புழுவைப் பாருங்க, தலையில கவட்டைக்குச்சியைத் தலைகீழா வெச்ச மாதிரி கோடு. வால் பக்கம் சதுரமா நாலு புள்ளி. இது இருந்தா அதேதான்."

பத்தொன்பது வருஷத்தில் நான் புழுவின் தலையைப் பார்த்ததே இல்லை. புழு என்றால் புழு. அதை அவளிடம் சொல்வேனா? "இதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அவள் வயலில் இரண்டு பொறி தொங்கின. புனல் வைத்த பிளாஸ்டிக் பை, மேலே, அந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியை இழுக்கும் வாசனை தடவிய ரப்பர் துண்டு. அவளுக்கு இரண்டு என்றால் எனக்கு என்ன குறைச்சல்? பூச்சிமருந்துக் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு வாங்கி வந்தேன். கடைக்காரர், "இது எத்தனை பூச்சி வருதுன்னு கணக்குப் பார்க்கத்தாம்மா" என்று ஏதோ இழுத்தார். வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளும் மனுஷனை என்ன சொல்வது என்று வந்துவிட்டேன்.

அப்பப்பா, எவ்வளவு பூச்சி விழுந்தது தெரியுமா! காலையில் பையைக் கொட்டினால் நாற்பது, ஐம்பது. வேண்டுமென்றே வரப்போரம் வந்து கொட்டுவேன்.

"உனக்கு எத்தனைடி?"

"ஒன்பதுக்கா."

"பாவம்."

"அக்கா, பொறியில விழறது எல்லாம் ஆண் பூச்சிதான். முட்டை வைக்கிற பெண் பூச்சி வெளியதான் சுத்துது. குருத்தைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

பொறாமை! எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று. என் ஐம்பதைப் பார்த்து இவளுக்கு வயிறு எரிகிறது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு வாரம் குருத்துப் பக்கமே போகவில்லை.

முப்பத்து இரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். குருத்து கந்தல். உள்ளே ஈர மரத்தூள் போல எச்சம் அடைத்துக் கிடந்தது. பிரித்தால் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒருத்தன் கொழுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். தலையில் கவட்டைக்குச்சி. வால் பக்கம் நாலு புள்ளி.

"பன்னிரண்டு பொறி வெச்சியே, யாருக்கு வெச்சே?" என்றார் அவர்.

இருப்பதிலேயே கடுமையான மருந்தை வாங்கி, உச்சி வெயிலில், என் கோபம் தீர அடித்தேன். இலையெல்லாம் நனைந்தது. எச்சத்துக்கு அடியில் பதுங்கியிருந்த புழுவுக்கு ஒரு சொட்டு போகவில்லை. அவள் வீட்டில் பொழுது சாயும் நேரத்தில் தெளிப்பானின் முனையைக் குருத்துக்குள்ளேயே வைத்து அடித்தார்கள், அதுவும் நூறு செடியில் பத்து கடிபட்ட அன்றைக்கு ஒரே தடவை. மற்ற நாளில் குருத்துக்கு ஒரு சிட்டிகை மணல், புழுவின் உடம்பை அது அராவிவிடும். கடிகாரத்துக்குள் தூசி போகாமல் பார்த்த கை, குருத்துக்குள் மணல் போட்டது.

நாற்பதாம் நாள் மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வரப்பு மேலேயே நடந்தார். இடது பக்கம் அவள் சோளம், சுவர் எழுப்பியது போல. வலது பக்கம் என்னுடையது. நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஆனால் வரப்பை ஒட்டி என் வயலில் எட்டு வரிசை, ஒரு ஓட்டை இல்லாமல் கருகருவென்று நின்றது. குருத்தில் மணல். பின்னால் நின்ற கந்தலை அது மறைத்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் இவள் வரப்பைத் தாண்டி வந்திருக்கிறாள். நான் எழுந்து காபி போடுவதற்கு முன்னாலேயே என் செடிகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அவளைப் பார்த்தேன். அவள் என் காதோரம் குனிந்து சொன்னாள்: "உங்களுக்காகன்னு நினைக்காதீங்கக்கா. இங்க புழு வளர்ந்தா எங்க பக்கம்தானே வரும்."

மாமனார் நின்று மூச்சு வாங்கினார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. இதுக்கு மேல என்னால நடக்க முடியாது. மூத்தவளே எடுத்துக்கட்டும்."

கிணற்றோர ஏக்கர் என் கைக்கு வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட நான் சண்டை போட்டு வாங்கிக்கொண்டிருப்பேன். நான் அந்த எட்டு வரிசையைப் பார்த்தேன். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. என் விதை, என் மண், என் சோளம். அதைப் பார்த்தே எனக்குப் பொறாமை வந்துவிட்டது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

"எட்டு வரிசைதான் மாமா. உள்ள வந்து பாருங்க, மானமே போயிடும். இந்த எட்டும் அவ பார்த்தது" என்றேன்.

நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் போட்ட பிச்சையில் காலம் முழுக்க நான் உழ முடியாது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமனார் என்னைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார், பார்த்தார், வரப்பேறினார். ஏக்கர் அவளுக்குப் போயிற்று.

அன்று சாயந்திரம் வரப்பில் நின்று கேட்டாள். "மிச்சத்தை இன்னும் காப்பாத்தலாம்கா. பெரிய புழுவைக் கையாலதான் எடுக்கணும். காலையில ஆறு மணிக்கு வரீங்களா?"

"ஆறரைக்குத்தான் வருவேன்" என்றேன். அவள் சொன்ன நேரத்துக்குப் போவேனா நான்?

மறுநாள் அவளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று ஐந்தே முக்காலுக்கே வயலுக்குப் போனேன். அவள் என் ஒன்பதாவது வரிசையில் குனிந்திருந்தாள்.