தஞ்சோங் பிடாராவில் மலரின் காதும் நான்கு கிலோ ஈயமும்

மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நானும் என் தங்கை மலர்விழியும் தஞ்சோங் பிடாரா கரையிலிருந்து ஸ்கூபா டைவிங் இறங்கினோம். எனக்கு அது கொல்லைப்புறம் மாதிரி; நாற்பது தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறேன். மலருக்கோ இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு முதல் முறை. போன தடவை இதே இடத்தில் அழுத்தம் தாங்காமல் அவள் இடது காதில் இரத்தம் வந்துவிட்டது. காது ஆறிவிட்டது, தாராளமாக இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயம்தான் ஆறவில்லை.

"இன்னிக்கும் வலிச்சா எல்லா சாமானையும் வித்துடுவேன் அண்ணே. அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது," என்றாள், காடிக் கதவைத் திறந்து ஏறும்போதே. அவள் சொன்னால் செய்கிற ஆள். மலர் நிறுத்திவிட்டால் என்னோடு கடலில் இறங்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து காலை 7.50க்குக் கிளம்பினோம். தெங்கேரா வழியாக 35 கிலோமீட்டர். நடுவில் ரொட்டி சானாயும் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீருமாகப் பசியாறினோம், இருவருக்கும் 11 வெள்ளி. காற்று டேங்க் இரண்டையும் முந்தின நாளே வாடகைக்கு எடுத்துவிட்டோம், ஒன்று 25 வெள்ளி. 9.05க்குக் கடற்கரையில் இருந்தோம்.

இடத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பவளப்பாறை, வண்ண மீன் என்று கனவு காண்பவர்கள் கிழக்குக் கரைக்குப் போய்விடுங்கள். இங்கே தண்ணீரும் தே தாரிக் நிறம்தான். நல்ல நாளில் இரண்டு மீட்டர் தூரம் தெரியும். அதற்கு மேல் ஆசைப்படுவது பேராசை. ஆனால் பாறை முனையின் அடியில், ஆறு மீட்டர் ஆழத்தில், பொறுமையாகத் தேடினால் கடல்குதிரை கிடைக்கும். கடலேற்றம் உச்சத்தில் நின்று திரும்புகிற முக்கால் மணி நேரம்தான் இறங்க ஏற்றது. அன்று அது 9.40க்குத் தொடங்கியது.

காடியின் பின்கதவைத் திறந்தேன். எல்லாம் இருந்தது, இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளைத் தவிர. அவை இல்லாமல் டைவிங் உடுப்போடு ஆள் தக்கைபோல மிதக்க வேண்டியதுதான். எங்கே போயின என்று யோசித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். முந்தின வாரம் என் மகனின் நிச்சயதார்த்தத்துக்கு வாசலில் கேனோப்பிக் கூடாரம் போட்டிருந்தோம். காற்றில் பறக்காமலிருக்க அதன் கால்களில் ஈயக் கட்டிகளைக் கட்டியவன் நான். அவிழ்க்க மறந்தவனும் நானே.

"கேனோப்பி பத்திரமா இருக்குல்ல அண்ணே, அது போதும்," என்றாள் மலர்.

திரும்பிப் போய் எடுத்துவர நேரமில்லை. சற்றுத் தள்ளி ஒரு மலாய் மீனவர் படகு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மலாயில் நிலைமையைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. பிறகு, பழைய வலைகளிலிருந்து கழற்றிய ஈயக் குண்டுகளை ஒரு வாளியோடு கொண்டுவந்து மீன் தராசில் நிறுத்தார். ஒன்பது கிலோ.

"நீங்க மேல வராட்டியும் பரவாயில்ல, என் ஈயம் வரணும்," என்றார் மலாயில்.

எனக்கு ஐந்து, மலருக்கு நான்கு என்று பிரித்து, காலுறைகளில் போட்டு முடிந்து, உடுப்புப் பைகளில் திணித்தோம். இவ்வளவு குறைந்த எடையில் அவள் இறங்கவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவளாக மூழ்கவில்லைதான். பாறை முனையருகே கட்டியிருந்த மிதவையின் கயிற்றைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றித் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பிடிக்கும் நின்று, மூக்கைப் பொத்தி ஊதி, காது திறந்த பிறகே அடுத்த பிடி. ஆறு மீட்டருக்கு ஐந்து நிமிடம். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணலைத் தொட்டதும் விரல்களை வளையமாக்கி, வலி இல்லை என்று காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகமூடிக்குள் அதைத் துடைக்க வழி கிடையாது. இருபத்தெட்டு நிமிடம் இருந்தோம். கடல்குதிரையைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

கரையில் தலையைத் துவட்டியபடி கேட்டாள்: "போன தடவ எனக்கு எத்தன கிலோ கட்டுன?"

"ஏழு. கடல் இறங்கறதுக்குள்ள சீக்கிரம் கீழ போயிடலாம்னு..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. கல்லைப் போல அவளை இறக்கியிருக்கிறேன். காது திறக்க நேரமே கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"சரி விடு. இனிமே என் ஈயத்த நானே கட்டிக்கிறேன்," என்றாள். பிறகு பாக்சிக்கிடம் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

போக நினைப்பவர்களுக்கு: கடலேற்ற நேரத்தை முந்தின இரவே பாருங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், ஒன்றும் தெரியாது. காலுறை வேலையைப் பின்பற்றாதீர்கள். அவசரத்தில் சட்டென்று கழற்ற முடியாது, எங்களுக்கு அன்று அதிர்ஷ்டம். உடன் வருபவருக்கு எவ்வளவு எடை என்பதை அனுபவசாலி என்ற திமிரில் நீங்களே முடிவு செய்யாதீர்கள். இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எல்லோரும் மலரின் காதைத்தான் குறை சொன்னோம். அதிகம் சொன்னவன் நான்.