ஓரகத்தி கட்டிக்கொடுத்த பல்

என் மேல்வரிசை முன்பல் ஒன்று என்னுடையது இல்லை. அதை உடைத்தவள் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. புதுப்பல் கட்ட என்னை டாக்டரிடம் கூட்டிப்போனவளும் அவளேதான். இதைக் கேட்கிறவர்கள் நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவில்லை.

மானாம்பதியில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நிலம் பிரிந்துவிட்டது. போர்க்கிணறு மட்டும் பிரியவில்லை. ஒரே மோட்டார், ஒரே கொட்டகை. ஒருநாள் அவர்களுக்குத் தண்ணீர், மறுநாள் எங்களுக்கு. பல் உடைந்த அன்று எங்கள் முறை. நான் உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து வயலுக்குப் போனால், தண்ணீர் அவர்கள் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நாற்று காய்ந்துகொண்டிருந்தது.

அவள் மோட்டார் கொட்டகைக்குள் இருந்தாள். நான் வாசற்படியில் நின்று, "இன்னிக்கி எங்க மொற" என்றேன்.

"நேத்து கரண்டே வர்ல. அப்போ இன்னிக்கித்தான் எங்க மொற."

"கரண்ட் வர்லன்னா அது உங்க தலயெழுத்து. மோட்டார நிறுத்துக்கா."

அதுதான் நான் அவளைக் கடைசியாக அக்கா என்று கூப்பிட்டது. சுவிட்சை அணைக்க நான் உள்ளே காலை வைத்தேன். அவள் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். தகட்டின் விளிம்பு நேராக என் வாயில் வந்து மோதியது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வாய்க்குள் கல் நெறிபட்ட மாதிரி இருந்தது. துப்பினேன். ரத்தத்தோடு பாதிப் பல் உள்ளங்கையில் விழுந்தது.

கதவைத் திறந்து பார்த்தவள், "காத்துல சாத்திக்கிச்சி" என்றாள். அன்று வயலில் ஒரு இலைகூட அசையவில்லை.

என் கணவர் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று பைக்கை எடுத்தார். மாமனார் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "வூட்டுப் பொம்பளைங்க விவகாரத்த ஸ்டேஷன்ல பேச உட மாட்டேன். ஒடச்சவளே கூட்டிக்கினு போயி பல்லு கட்டிக்கினு வரட்டும். முடியிற வரிக்கும் ஒவ்வொரு தபாவும் அவதான் கூடப் போவணும்." அது அவளுக்குத் தண்டனை என்று அவர் நினைத்தார். எனக்கும் தண்டனைதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பஸ்ஸில் அவள் முன்சீட்டில் உட்காருவாள், நான் பின்னால். தெரிந்தவர்கள் யாராவது, "ரெண்டு பேரும் ஜோடியா எங்க கெளம்பிட்டீங்க?" என்பார்கள். "இவளுக்குப் பல்லு ஆடுது" என்பாள் அவள். நான் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வேர் நெடுக விரிசல் விட்டுவிட்டது, காப்பாற்ற முடியாது என்று மிச்சப் பல்லையும் எடுத்துவிட்டாள். ஈறு ஆறுகிற வரைக்கும் ஓட்டைப் பல்லோடுதான் பாடம் எடுத்தேன். ஸ, ச என்று வாயெடுத்தால் காற்று போகும். "டீச்சர், உங்க வாயில விசில் வருது" என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் போர்டில் எழுதிப்போட்டேன். பதினான்கு வருஷமாகச் சத்தமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஈறு ஆறியதும் மறுபடி போனோம். டாக்டர் ஒரு பிளாஸ்டிக் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினாள். "நடுவுல வைக்கிற பொய்ப்பல் தானா நிக்காதும்மா. ரெண்டு பக்கத்துப் பல்லையும் சுத்தித் தேய்ச்சு சின்னதாக்கி, அதுங்க மேல தொப்பி மாதிரி கேப் மாட்டணும். மூணும் ஒரே துண்டா இருக்கும். அதத்தான் பிரிட்ஜ்னு சொல்றோம்."

"அந்த ரெண்டு பல்லும் நல்லாத்தான டாக்டர் இருக்கு?"

"நல்லா இருந்தாத்தான் தாங்கும்."

எலும்பில் திருகாணி மாதிரி ஒன்றைப் பதித்து அதன்மேல் பல் வைக்கும் முறையும் இருக்கிறதாம். ஆனால் அடிபட்ட இடத்தில் எலும்பு மெலிந்துவிட்டது, முதலில் அதை வளர்க்க வேண்டும், பல மாதம் ஆகும் என்றாள். இன்னும் பல மாதம் இவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வர என்னால் முடியாது.

"தேச்ச பல்லு திரும்ப வளருமா?"

"வளராதும்மா. ஆயுசுக்கும் கேப்போடதான் இருக்கணும்."

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த பிரஷ் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ண ஒடச்ச. இப்போ இன்னும் ரெண்டு போவுது" என்றேன்.

"நானா தேய்க்கிறேன்? டாக்டரம்மா தேய்க்கிறாங்க. அவங்ககிட்ட சண்ட போடு."

டாக்டர் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஒரு பட்டையை எடுத்தாள். அதில் விசிறிபோல வரிசையாகப் பொய்ப்பற்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய் ஒவ்வொன்றாக என் உதட்டருகே பிடித்தாள். இரண்டுக்கு நடுவே அவளுக்குச் சந்தேகம். "நீங்க தினமும் பாக்கறவங்க. எது சரியா இருக்குன்னு சொல்லுங்க" என்று ஓரகத்தியைக் கூப்பிட்டாள்.

அவள் வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். கதவு மோதியதிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் நாங்கள் நின்றதில்லை. அவள் வாயில் வெற்றிலை வாசனை. என் வாய் திறந்திருந்தது, பேச முடியவில்லை.

"ரெண்டுமே இல்ல. அவ்ளோ வெள்ள கெடையாது இவளுக்கு. ஈறாண்ட மஞ்சளு, நுனியில கொஞ்சம் கண்ணாடியாட்டம் கீது" என்று மூன்றாவது ஒன்றைத் தொட்டுக்காட்டினாள். டாக்டர் பிடித்துப் பார்த்தாள். அதுதான் பொருந்தியது. ஓரகத்தி அதோடு நிற்கவில்லை. "இன்னொண்ணு. போன பல்லு நேரா இருக்காது. பக்கத்துப் பல்லு மேல லேசா ஏறிக்கினு இருக்கும். சிரிச்சா தெரியும்."

என் பல் எப்படி இருந்தது என்பதை இவள் இவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறாளே, இவளுக்கு என்ன உரிமை? என் கணவருக்குக்கூட இது தெரியாது. கேட்டால் பல் மாதிரி இருந்தது என்பார்.

"முன்ன இருந்த மாதிரியே வைக்கச் சொல்லட்டுமாம்மா, இல்ல நேராவா?" என்று டாக்டர் கேட்டாள்.

எனக்கு அந்தப் பல் அப்படி ஏறியிருந்தது பிடிக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிரிப்பே அதுதான். ஆனால் ஏறியிருக்கும் என்று சொன்னது அவள். "நேரா வைங்க" என்றேன்.

ஓரகத்தி தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

ஊசி போட்டு மரத்துப்போனதும் தேய்க்க ஆரம்பித்தார்கள். வலி இல்லை. சத்தம் மண்டைக்குள் கேட்டது, தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது, முடி கருகிய மாதிரி ஒரு வாசனை. என் சொந்தப் பல்லின் பொடி அது. முடிந்ததும் நாக்கால் தடவினேன். இரண்டு நல்ல பல்லும் சின்ன முளைக்குச்சியாக நின்றன. கண்ணில் நீர் வந்தது. வலியா என்று டாக்டர் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். அச்சு எடுத்து, தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்பினாள்.

அடுத்த தடவை பிரிட்ஜ் வந்திருந்தது. ஒட்டினதும் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். நிறம் அப்படியே பொருந்தியிருந்தது. மூன்றும் வரிசையாக, நேராக, விளம்பரத்தில் வருகிற பெண்ணுடையதைப்போல இருந்தன. சிரித்துப் பார்த்தேன். யாரோ சிரித்தார்கள். ஓரகத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கண்ணாடியை அவள்மேல் எறிந்திருப்பேன்.

வீட்டில் என் கணவர், "நல்லாத்தான் கீது. ஆனா வேற ஆளாட்டம் கீற" என்றார். இரண்டு நாள் அவரோடும் பேசவில்லை.

வகுப்பில் என் குரல் திரும்பிவிட்டது. அது உண்மை, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். இப்போது ஸ, ச எல்லாம் சரியாக வருகிறது. கொய்யாவை மட்டும் முன்பல்லால் கடிக்கக் கூடாது, கத்தியால் அரிந்து தின்ன வேண்டும். போன மாதம் மடையடியில் மறுபடி சண்டை. "நான் கட்டிக்குடுத்த பல்ல வெச்சிக்கினே என்னக் கடிக்க வர்றா பாரு" என்று ஆட்கள் முன்னால் கத்தினாள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பிரிட்ஜுக்கும் ஈறுக்கும் நடுவே சோறு தங்கும். ஊசி மாதிரி ஒன்றில் நூலைக் கோத்து அடியில் விட்டு இழுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தினமும் காலையில் வாசல் குழாயடியில் நின்று அதைச் செய்கிறேன். அந்த நேரத்தில்தான் அவள் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டுவாள். நான் கொப்பளித்துத் துப்புவேன். தன்னைப் பார்த்துத்தான் துப்புகிறேன் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இல்லையென்று சொல்லப்போவதில்லை.