தண்ணீர் நின்ற கோடு

வெள்ளம் வடிந்த வீட்டுக்குச் சேறு மிதித்துப் போய், "எதுவரைக்கும் தண்ணீர் நின்றது?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக அலைந்தேன். ஐப்பசி பிறந்தாலே கட்டில் காலுக்குச் செங்கல் தேடுகிற உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். தண்ணீர் வடியும்போது சுவரில் ஒரு பழுப்புக் கோட்டை விட்டுப்போகும் அல்லவா? அதுதான் எனக்குச் சாட்சி. அது இல்லாவிட்டால் என் பேனா நகராது.

பொட்டு வைத்த மோட்டார்

வெள்ளானூரில் ஒரு மாவு மில். மோட்டார் முழுகிவிட்டது என்று தகவல். போய்ப் பார்த்தால், மோட்டார் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. சேறு இல்லை, துரு இல்லை. சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி வேறு! எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நல்லவேளை, மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் கொட்டியது, நானும் எழுதிக்கொண்டேன். "அப்படியே விட்டுவைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். மில்காரர் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆபீசர் வரச்சொல்லோ அழுக்கா காட்டினா எனக்கு இன்னா சார் மருவாதி?"

வாசலா, கூரையா?

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் வேலை. டி.வி.யை இன்ஷூர் செய்திருந்தார். தெருத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் வரவில்லை. கூரை ஒழுகித் தண்ணீர் டி.வி. தலையில் விழுந்திருந்தது. வெள்ளம் புகுந்தால்தான் பாலிசியில் உண்டு, ஒழுகினால் கிடையாது என்று நயமாகச் சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை. காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் சார், தண்ணி வாசல் வழியா வந்தாத்தான் விருந்தாளியோ? மேல வழியா வந்தா கணக்குல சேக்க மாட்டியளோ?"

வெள்ளையடித்த கடை

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் முனுசாமியின் சின்ன ஜவுளிக்கடை. அவர் அப்பா வயல் கூலி, இவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்தவர். பொங்கலுக்கு வாங்கிப்போட்ட புடவையெல்லாம் நனைந்து சாயம் இறங்கிவிட்டது. நஷ்டஈடு வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். தெருவிலேயே அவர் கடைதான் பள்ளம், பக்கத்துக் கடைகளில் தண்ணீர் ஏறவில்லை. ஆகவே அவர் சுவர்தான் ஒரே சாட்சி.

உள்ளே நுழைந்தால் சுண்ணாம்பு வாசனை. சுவரெல்லாம் புத்தம்புது வெள்ளை.

"நீங்க வர்றீங்கன்னுதான் சார் அடிச்சி வெச்சேன்" என்றார் முனுசாமி, பெருமையாக.

எனக்குத் தலை சுற்றியது. சுண்ணாம்பில் கோடு மறைந்துபோனதைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. புடவையைக் குழாயடியில்கூட நனைக்கலாமே என்று மேலிடத்தில் கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்ல? அவர் மனைவி வீணாய்ப்போன புடவைகளை மடிக்க ஆரம்பித்தார்.

கிளம்ப மனசில்லாமல் நின்றபோது மூலையில் ஒரு மர பீரோ கண்ணில் பட்டது. "இதை நகர்த்தி அடித்தீர்களா?" என்றேன். சுவருக்கு வெள்ளையடித்த எதிர்வீட்டுக் கோபாலைக் கூப்பிட்டார் முனுசாமி. கோபால் தலையைச் சொறிந்தார். "ஒருத்தனா எப்டி நகத்தறது? சுத்தி அடிச்சி வுட்டேன்."

மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். பின்னால் பழைய சுவர், அதில் முழங்கால் உயரத்துக்கு அழகான பழுப்புக் கோடு! நான் அளவு நாடாவை எடுத்ததும் அந்த அம்மா அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. கோபால் மட்டும் முனுசாமியை விடவில்லை.

"சோம்பேறின்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சியே அண்ணாத்தே, இப்ப இன்னா சொல்ற?"

அந்தப் பொங்கலுக்குக் கடை திறந்திருந்தது. நம் ஜனங்கள் வெள்ளத்தைக்கூடச் சமாளித்துவிடுகிறார்கள், அதைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்றால்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.